விருதுக்கு ஒரு விதி வேண்டும்: அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர், பொதுச் செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தாங்கள் அறிவிக்கும் ஆண்டின் சிறந்த வீரர், ஆண்டின் சிறந்த வீராங்கனை ஆகிய இரு விருதுகளைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். விருது பெற்ற எவரைப் பற்றியும் எனக்குப் புகார் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்திய அணியின் நெடுங்காலத் தலைவர் சுனில் சேத்ரி 2007 முதல் 2021-22 வரை ஏழு முறை இவ்விருதைப் பெற்றிருக்கிறார். அந்த ஏழில் ஒன்றையாவது அவரிடமிருந்து பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று வாதாடுகிறவன் நான் அல்லன். நான் கேட்பது சிறிய கேள்வி. இந்த விருதை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை ஆடிய ஆட்டத்தைக் கணக்கில் கொள்கிறார்கள், எவற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதைச் சொல்லும் விதிமுறை எங்கே இருக்கிறது? என்னைப் போன்ற ஒரு சாதாரணப் பார்வையாளன் எடுத்துப் படிக்கும்படியாக அப்படி ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று தாங்கள் நினைக்கக்கூடும். மாவட்ட லீக் ஆட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் விசில் ஊதியவன் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. ஆனால் அந்த இருபது ஆண்டுகளில் ஒருமுறை, சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்கும் மூவரில் ஒருவனாக நானும் உட்கார நேர்ந்தது. அங்கே நாங்கள் செய்த பிழைதான் இந்தக் கேள்வியை என் மனத்தில் போட்டது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பரிசளிப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான், தொடரின் சிறந்த வீரருக்கென்று ஒரு கோப்பையும் வாங்கியாகிவிட்டது, யாருக்குக் கொடுப்பது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று எங்கள் மூவரிடமும் சொன்னார்கள். லீக் முழுவதையும் எங்களில் எவரும் பார்த்திருக்கவில்லை. அவரவர் நடுவராக இருந்த ஆட்டங்களை மட்டுமே பார்த்திருந்தோம். ஆகவே அந்த ஆண்டின் நடுவர் அறிக்கைகளையெல்லாம் எடுத்துவைத்துப் புரட்டினோம். நடுவர் அறிக்கையில் என்ன இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததன்று. எந்த நிமிடத்தில் யார் கோல் அடித்தார், யாருக்கு மஞ்சள் அட்டை, யாருக்குச் சிவப்பு அட்டை, யார் வெளியே போய் யார் உள்ளே வந்தார், அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதிக கோல் அடித்த பையனின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஏதோ கணக்குப் போட்டுச் சரியான விடை கண்டவர்களைப் போல நிம்மதியாக எழுந்தோம்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, லீக்கை வென்ற அணியின் நடுத் தற்காப்பில் ஆடிய இளைஞர் என்னிடம் வந்தார். கோபம் எதுவும் இல்லை, மரியாதையாகவே கேட்டார்: “சார், நான் செஞ்சது எதுவும் உங்க பேப்பர்ல வராதா?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஒரு கோல் அடிக்கவில்லை, ஓர் அட்டையும் வாங்கவில்லை, ஒரு நாளும் மாற்று வீரருக்கு இடம் விட்டு வெளியே வரவில்லை. எனவே எங்கள் அறிக்கைகளைப் பொறுத்தவரை, ஆட்டத்தின் தொடக்கத்தில் எழுதப்படும் பதினொரு பெயர்களில் ஒன்றாக இருந்ததைத் தவிர, அவர் களத்தில் இருந்ததற்கே தடயம் இல்லை. இரண்டு முரட்டு ஃபவுல் செய்திருந்தாலாவது அவர் பெயர் எங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

நாங்கள் மூவரும் யாருக்கும் சலுகை காட்டவில்லை. எவரும் எங்களை வந்து பார்க்கவில்லை, தொலைபேசியில் அழைக்கவும் இல்லை. இருந்தும் தேர்வு பிழையாயிற்று. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முன்கூட்டியே யாரும் எழுதிவைக்காததால், கையில் கிடைத்த காகிதம் எதைப் பதிவு செய்திருந்ததோ அதுவே தகுதி ஆகிவிட்டது. மாவட்ட லீக்கில் இந்த விவகாரம் ஒரு கோப்பையோடு போயிற்று. தேசத்தின் பெயரால் வழங்கப்படும் விருதில் அப்படிப் போய்விடாது என்பதால்தான், தங்கள் விருதின் வரலாற்றில் அண்மைக்காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன்.

2020-21ஆம் பருவத்துக்கு ஆண்கள் பிரிவில் சந்தேஷ் ஜிங்கன் விருது பெற்றார். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.), ஐ-லீக் ஆகிய தேசிய லீக்குகளில் ஆடும் கிளப்புகளின் பயிற்சியாளர்கள் அளித்த வாக்குகளின்படி அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதாகத் தாங்களே அறிவித்தீர்கள். அதே பருவத்தில் பெண்கள் பிரிவில் வாக்கெடுப்பு இல்லை. தேசிய மகளிர் அணியின் அப்போதைய பயிற்சியாளர் மேமோல் ராக்கி, தங்கள் தொழில்நுட்ப இயக்குநருடன் கலந்து பாலா தேவியைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த பருவமான 2021-22இல் ஆண்கள் பிரிவிலும் கிளப் பயிற்சியாளர்களின் வாக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆண்கள் அணியின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் முன்மொழிந்த சேத்ரிக்கும், மகளிர் அணியின் பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பி முன்மொழிந்த மனிஷா கல்யாணுக்கும் விருது வழங்கப்பட்டது. ஒரே விருது, ஒரே பெயர், அடுத்தடுத்த இரண்டு பருவங்கள். தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும் முற்றிலும் வேறு.

இதை நிர்வாக வசதிக்கான சிறு மாற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. கிளப் பயிற்சியாளர் ஒருவர் எதிரணி வீரரைப் பார்க்கும் பார்வைக்கும் தேசிய அணிப் பயிற்சியாளர் தன் வீரரைப் பார்க்கும் பார்வைக்கும் நிறைய வேறுபாடு உண்டு. கிளப் பயிற்சியாளருக்கு அந்த வீரர் தீர்க்க வேண்டிய சிக்கல். அவரை எப்படி அடக்குவது என்று ஒரு வாரம் காணொளிகளைப் போட்டுப் பார்த்துத் திட்டம் வகுத்து, ஆட்ட நாளில் அத்திட்டம் உடைந்துபோவதை ஓரக்கோட்டருகே நின்று பார்த்திருப்பார். அந்த வாக்கில் ஒரு பகையாளியின் மரியாதை இருக்கிறது. தேசிய அணியின் பயிற்சியாளரோ முகாமுக்குத் தாம் அழைத்த சிலரை, ஆண்டில் சில வாரங்கள் நெருக்கமாகப் பார்க்கிறார். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தாம் நம்பிக் களமிறக்கிய ஒருவரைச் சிறந்தவர் என்று சொல்லும்போது தம் தேர்வையும் சேர்த்தே அவர் பாராட்டிக்கொள்கிறார். அவருடைய ஆட்டமுறைக்குப் பொருந்தாததால் முகாமுக்கே அழைக்கப்படாத ஒருவர் லீக்கில் எப்படி ஆடியிருந்தாலும் இந்த வழியில் விருதை நெருங்க முடியாது. முதல் முறையில் கிடைப்பது லீக்கின் சிறந்த வீரர். இரண்டாம் முறையில் கிடைப்பது தேசிய அணியின் சிறந்த வீரர். இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பு உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளாக எழுதிவைத்தால், பின்னால் அதைப் படிக்கிறவருக்கு எந்த வரி எதைச் சொல்கிறது என்று தெரியாது.

இங்கிலாந்தில் கால்பந்து எழுத்தாளர்கள் சங்கத்தின் விருது 1948இல் ஸ்டான்லி மாத்யூஸுக்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. அன்று வாக்களித்தவர்கள் எழுத்தாளர்கள், இன்று வாக்களிக்கிறவர்களும் எழுத்தாளர்கள். அதே நாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கம் 1974 முதல் வழங்கிவரும் விருதுக்கு ஆட்டக்காரர்களே வாக்களிக்கிறார்கள். இரண்டு விருதுகளும் சில ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்களுக்குப் போகும். அதனால் எவரும் குழம்புவதில்லை. எழுதுகிறவர்கள் கண்ட சிறந்தவர் இவர், உடன் ஆடுகிறவர்கள் கண்ட சிறந்தவர் அவர் என்று எல்லோருக்கும் விளங்குகிறது. ஜெர்மனியில் 1960 முதல் விளையாட்டுப் பத்திரிகையாளர்களே ஆண்டின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுத்து வருகிறார்கள். இம்முறைகளில் எது சிறந்தது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்பது எல்லாவற்றையும் விட நல்லது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

காலக் கணக்குக்கு வருகிறேன். சேத்ரி பெற்ற விருதுகளில் ஒன்று 2017ஆம் ஆண்டுக்கானது. அடுத்தது 2018-19ஆம் பருவத்துக்கானது. முதலாவது ஆண்டுக் கணக்கு, இரண்டாவது பருவக் கணக்கு. அப்படியானால் 2018இன் முதல் பாதி எதில் சேர்ந்தது? அந்த ஜூன் மாதத்தில்தான் மும்பையில் கண்டங்களிடைக் கோப்பை நடந்தது. அரங்குக்கு வந்து ஆட்டத்தைப் பாருங்கள் என்று சேத்ரி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டதும், அந்தத் தொடரில் எட்டு கோல் அடித்து இந்தியாவுக்குக் கோப்பையை வென்று தந்ததும் அப்போதுதான். அதற்குள் முடிந்துபோன 2017க்கும் இன்னும் தொடங்காத 2018-19க்கும் நடுவில் அந்த எட்டு கோல்களும் எந்தக் கணக்கிலும் சேராமல் நின்றனவா, அல்லது ஏதோ ஒன்றில் சத்தமில்லாமல் சேர்க்கப்பட்டனவா? சேத்ரிக்கு இதனால் இழப்பு ஏதுமில்லை, இரண்டு பக்கமும் அவர்தான் வென்றார். வேறொருவர் அந்த ஆறு மாதத்தில் தம் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடியிருந்தால் அவர் நிலை என்ன?

நாட்காட்டியாண்டிலிருந்து பருவத்துக்கு மாறியது தவறில்லை. உலகின் சிறந்த வீரருக்கு வழங்கப்படும் பாலோன் தோர் விருதும் 2022இல் அப்படித்தான் மாறியது. ஆனால் அவர்கள் மாறியபோது, என்றிலிருந்து மாறுகிறோம், ஏன் மாறுகிறோம் என்று முன்னதாகவே அறிவித்தார்கள். அதே அறிவிப்பில் தேர்வுக்குரிய அளவுகோல்களையும் வரிசைப்படுத்தினார்கள்: முதலில் வீரரின் தனிப்பட்ட ஆட்டம், பிறகு அணியின் வெற்றி, அதன் பிறகு நன்னடத்தை. ஒருவருடைய மொத்த ஆட்டவாழ்வைக் கணக்கில் எடுக்கும் பழைய அளவுகோல் நீக்கப்பட்டது. இந்தக் கடைசிச் செய்தி நமக்கும் வேண்டியது என்று நினைக்கிறேன். ஒருவர் பதினைந்து ஆண்டுகளில் செய்ததற்கு நன்றி சொல்லும் விருது வேறு, இந்தப் பத்து மாதங்களில் யார் நன்றாக ஆடினார் என்று சொல்லும் விருது வேறு. நம் நாட்டில் பெரியவர்களை மதிக்கும் வழக்கம் நல்ல வழக்கம்தான். அது வாக்குச்சீட்டுக்குள் நுழைந்தால் இருபத்தொரு வயதுப் பையனுக்குக் கதவு அடைபடுகிறது.

அதே பாலோன் தோர் விருதின் பழைய விதி ஒன்றையும் நினைவூட்டுகிறேன். 1956இல் தொடங்கிய அந்த விருது 1995 வரை ஐரோப்பியர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதனால்தான் பெலேவின் பெயரும் மரடோனாவின் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. கோணலான விதிதான். ஆனால் அது எழுதப்பட்ட விதி. எல்லோர் கண்ணிலும் பட்டதால் அதைக் குறைகூற முடிந்தது, குறைகூறியதால் திருத்த முடிந்தது, திருத்திய அதே ஆண்டில் லைபீரியாவின் ஜார்ஜ் வியா அதை வென்றார். எழுதாத விதியில் கோணல் இருந்தால் எந்த இடத்தைச் சுட்டிக்காட்டுவது?

தற்காப்பு ஆட்டக்காரர்களையும் கோல்கீப்பர்களையும் பற்றிப் பேசாமல் என்னால் இம்மடலை முடிக்க முடியாது. அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு நான் பட்ட கடன் அது. தங்கள் விருதைப் பெற்ற கோல்கீப்பர்கள் 2009இல் சுப்ரதா பால், 2019-20இல் குர்பிரீத் சிங் சந்து ஆகிய இருவரே. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. பாலோன் தோர் பட்டியலிலும் 1963இல் வென்ற லெவ் யாஷினைத் தவிர இன்னொரு கோல்கீப்பர் இல்லை. தற்காப்பில் ஆடுகிறவர்களுக்கு நம் நாட்டில் ஓரளவு நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். 1995இல் வி.பி. சத்யன், 2010இல் கௌரமாங்கி சிங், 2020-21இல் ஜிங்கன், 2024-25இல் சுபாசிஷ் போஸ் என்று சிலர் இருக்கிறார்கள். சத்யன் சென்னையில் இந்தியன் வங்கி அணிக்கு ஆடியவர். அவர் தலையால் முட்டி வெளியேற்றிய பந்துகளை எண்ணிய கணக்கு எதுவும் இருக்கப்போவதில்லை. ஆனாலும் அவரை யாரோ சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டு.

போஸின் விருதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2024-25இல் மோகன் பகான் அணி ஐ.எஸ்.எல். லீக் சுற்றில் முதலிடத்துக்கான கேடயத்தையும் இறுதி ஆட்டத்தில் வெல்வோருக்கான கோப்பையையும் சேர்த்து வென்றது, அணித்தலைவர் அவர். அவர் விருது பெற்றபோது அதைக் கொண்டாடியவர்களில் பெரும்பாலோர் முதலில் சொன்னது, தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தும் அந்த ஐ.எஸ்.எல். பருவத்தில் அவர் ஆறு கோல் அடித்தார் என்பதைத்தான். தற்காப்பில் ஆடுகிறவர் சிறந்தவர் என்று நாம் நம்ப வேண்டுமானால் அவரும் கோல் அடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது! அவர் விருதுக்கு முழுத் தகுதி உடையவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த அளவுகோலால் அளந்தீர்கள் என்பது எழுத்தில் இருந்திருந்தால், அந்த ஆறு கோல்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

அண்மைக்காலமாகச் சிறந்த கோல்கீப்பருக்கென்று தனி விருதும் வழங்குகிறீர்கள். வரவேற்கிறேன், ஆனால் அந்தத் தனி விருது வந்த பிறகு கோல்கீப்பர் ஒருவர் ஆண்டின் சிறந்த வீரர் விருதுக்கும் தகுதி உடையவராக இருக்கிறாரா, அல்லது அவருக்குரிய பங்கைக் கொடுத்தாயிற்று என்று வாக்காளர்கள் நினைத்துக்கொள்ளலாமா? தகுதி உண்டு என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இனி வீராங்கனைகள். இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் வற்புறுத்த விரும்புகிறேன். 2023-24ஆம் பருவத்தின் சிறந்த வீராங்கனையாகக் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் அறிவிக்கப்பட்டபோது எங்கள் பக்கத்தில் எவ்வளவு மகிழ்ச்சி இருந்தது என்பதைத் தாங்கள் அறிய வாய்ப்பில்லை. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றிக்கொண்டே ஆடுகிறவர் அவர். தமிழ்நாடு 2018இல் மணிப்பூரையும் 2023இல் ஹரியானாவையும் வென்று தேசிய சீனியர் மகளிர் கோப்பையைக் கைப்பற்றியதற்குப் பின்னால் அவரைப் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது. விருதுச் செய்தி வந்த அன்று, எங்கள் ஊர்த் திடலில் பந்து ஆடும் பள்ளி மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “இதுக்கு யாரு சார் ஓட்டு போடுவாங்க?” இருபது ஆண்டு நடுவராக இருந்தவருக்குத் தெரியாதா என்ற நம்பிக்கையில் கேட்டாள். தெரியாது என்றேன்.

பெண்கள் பிரிவில் வாக்கெடுப்பு நடத்துவதில் சிக்கல்கள் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. 2023-24இல் இந்திய மகளிர் லீக்கில் ஆடிய அணிகள் ஏழு. சொந்த மண்ணில் ஒரு முறை, எதிரணியின் மண்ணில் ஒரு முறை என்று ஓர் அணிக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள்தான். அதே பருவத்தில் ஐ.எஸ்.எல். அணி ஒவ்வொன்றும் லீக் சுற்றில் மட்டும் இருபத்திரண்டு ஆட்டங்கள் ஆடியது. ஏழு பயிற்சியாளர்களை வைத்துக்கொண்டு வாக்கெடுப்பா என்று கேட்கலாம். அது மட்டுமன்று; 2020-21இல் பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார், இங்கே மகளிர் லீக்கே நடக்கவில்லை. மனிஷா கல்யாண் 2021 நவம்பரில் பிரேசிலுக்கு எதிராக அடித்த கோலை உலகமே பார்த்தது. அது கிளப் ஆட்டம் அன்று. இப்படிப்பட்ட பருவங்களில் தேசிய அணியின் பயிற்சியாளரைக் கேட்பதே எளிய வழி என்று தாங்கள் கருதியிருந்தால் அதில் காரணம் இருக்கிறது. ஆனால் எளிய வழி என்பதால் ஒருவர் கருத்தையே விருதாக்கிவிடுவதா? ஏழு கிளப் பயிற்சியாளர்கள், ஏழு அணித்தலைவிகள், தேசிய அணியின் பயிற்சியாளர் என்று எண்ணினாலே பதினைந்து வாக்குகள் சேர்கின்றன. மாநில அணிகளின் பயிற்சியாளர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பெருகும். சீனியர் தேசியப் போட்டியில் மட்டும் ஆடி, கிளப் ஒப்பந்தம் கிடைக்காமல் ஊர் திரும்பும் பெண்களை அந்த மாநிலப் பயிற்சியாளர்கள்தாம் பார்த்திருப்பார்கள்.

ஒய்னம் பெம்பெம் தேவி 2001இல் ஒரு முறையும் 2013இல் ஒரு முறையும் இவ்விருதைப் பெற்றார். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள்; நம் பெண்கள் கால்பந்தின் நெடுங்காலப் புறக்கணிப்பைப் பற்றிப் பேச இந்த ஒரு வரி போதும். இனி வரும் ஆண்டுகளில் ஆண்கள் விருதும் பெண்கள் விருதும் ஒரே விதியின்கீழ், ஒரே வகை வாக்காளர்களால், ஒரே நாளில் முடிவாக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

யார் வாக்களிக்க வேண்டும் என்பதில் என் எண்ணத்தைச் சொல்வதாக முன்பு எழுதினேன். எங்கள் மாவட்ட லீக்கில், மேலே சொன்ன பிழைக்கு அடுத்த ஆண்டு, ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். ஆட்டம் முடிந்து கையெழுத்திட வரும்போது ஒவ்வோர் அணித்தலைவரும் எதிரணியிலிருந்து ஒரே ஒரு பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். சீட்டை உறையில் போட்டு ஒட்டிவிடுவோம், பருவம் முடிந்த பிறகே பிரிப்போம். செலவு, உறை வாங்கிய காசு. எதிரணியில் தம் சித்தப்பா மகன் ஆடிய நாளில் அவன் பெயரையே எழுதிய தலைவர் ஒருவர் இருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் பத்துப் பன்னிரண்டு உறைகளைச் சேர்த்துப் பிரிக்கும்போது அப்படிப்பட்ட ஒரு சீட்டு முடிவை மாற்றவில்லை. முதல் ஆண்டிலேயே அதிகச் சீட்டுகள் பெற்றவர் ஒரு நடுக்கள வீரர். அந்தப் பருவத்தில் அவர் அடித்தது ஒரே கோல், அதுவும் பெனால்டி.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். ஐ.எஸ்.எல்., அதற்கு அடுத்த நிலை லீக், மகளிர் லீக் ஆகியவற்றின் அணித்தலைவர்களும் பயிற்சியாளர்களும் வாக்களிக்கட்டும். தம் அணியைச் சேர்ந்தவருக்கு வாக்களிக்கக் கூடாது என்பது விதியாக இருக்கட்டும். தேசிய அணியின் பயிற்சியாளருக்கும் ஒரு வாக்கு உண்டு, ஒன்றே ஒன்று. நடுவர்களுக்கு வாக்குரிமை வேண்டாம். என் இனத்தாருக்கே நான் எதிராகப் பேசுவதாக நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் யாரைச் சிறந்தவர் என்று எழுதினோமோ அவருக்கே அடுத்த வாரம் சிவப்பு அட்டை காட்ட வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இதிலிருந்து விலகி நிற்பதே முறை. ஒருவர் விருதுக்குத் தகுதி பெற அந்தப் பருவத்தில் குறைந்தது எத்தனை ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். 2025-26ஆம் பருவத்தில் ஐ.எஸ்.எல். உரிய காலத்தில் தொடங்காமல் மாதக்கணக்கில் தள்ளிப்போனதை யாரும் மறந்திருக்க முடியாது. இப்படிச் சிதைந்த பருவங்களில்தான், எத்தனை ஆட்டங்களைக் கொண்டு ஒருவரை அளப்பது என்ற கேள்வி பெரிதாகிறது.

வாக்குகளை வெளியிடுவதா என்பது சற்றுச் சிக்கலான விவகாரம். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா தன் சிறந்த வீரர் விருதுக்கு எந்த நாட்டின் அணித்தலைவர் யாருக்கு வாக்களித்தார், எந்தப் பயிற்சியாளர் யாருக்கு வாக்களித்தார் என்பதையெல்லாம் பெயரோடு வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டு விருதுக்கு ஆஸ்திரியாவின் அணித்தலைவர் டேவிட் அலாபா, ரியல் மாட்ரிட்டில் தம்மோடு ஆடிய பென்சிமாவை விட்டு மெஸ்ஸிக்கு முதல் வாக்கை அளித்தது வெளியானதும் அவர் கடும் வசைக்கு ஆளானார். அது தம் தனிப்பட்ட வாக்கு அன்று, அணியினர் கூடி எடுத்த முடிவு என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நம் நாட்டில் ஒரு கிளப் பயிற்சியாளரின் வேலை எத்தனை மாதம் நிலைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர் வாக்கைப் பெயரோடு வெளியிட்டால், தாம் அடுத்து வேலை கேட்கப் போகும் கிளப்பின் வீரரை மனத்தில் வைத்து அவர் வாக்களிக்கவும் கூடும். எனவே பெயர் வேண்டாம். எத்தனை பேர் வாக்களித்தார்கள், முதல் ஐந்து இடங்களில் வந்தவர்களுக்கு எத்தனை வாக்குகள் என்ற எண்ணிக்கையை மட்டும் வெளியிடுங்கள். இரண்டாவதாக வந்தவர் யார் என்பது தெரியும்போதுதான் முதலாவதாக வந்தவரின் பெருமையும் விளங்கும். அடுத்த நிலை லீக்கில் ஆடும் ஓர் அணியின் வீரர் நான்கு வாக்குகள் பெற்று ஐந்தாம் இடத்தில் வந்தார் என்ற செய்தி, அந்த வீரருக்கு அடுத்த ஒப்பந்தத்தின்போது எவ்வளவு உதவும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் எழுத ஒரு பக்கம் போதும். வாக்காளர்கள் யார், காலம் எது, தகுதி என்ன, வாக்கு எண்ணுவது யார், சமநிலை வந்தால் என்ன செய்வது. அந்த ஒரு பக்கத்தைப் பருவம் தொடங்கும் முன்பே வெளியிட்டுவிட்டால், பருவம் முடிந்த பிறகு யாருக்கும் வாய் திறக்க இடமிருக்காது. அதனோடு இன்னொரு பட்டியலையும் தங்கள் ஆவணங்களிலிருந்து எடுத்துத் தொகுக்க வேண்டுகிறேன். விருது தொடங்கிய நாள் முதல் இன்றுவரை பெற்றவர்கள் அனைவரின் பெயர்களும், ஒவ்வொருவரும் எந்தக் காலத்துக்காக, எந்த முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும். சத்யனைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? மும்முறை விருது பெற்ற ஐ.எம். விஜயனுக்கு மூன்று முறையும் ஒரே வகை வாக்காளர்கள்தாம் வாக்களித்தார்களா? அந்தக் காலத்தில் கூட்டமைப்பில் பணியாற்றிய பலர் இன்னும் இருக்கிறார்கள். இப்போது கேட்டால் சொல்வார்கள்.

இம்மடலுக்கு எனக்குத் தனியாகப் பதில் அனுப்ப வேண்டியதில்லை. அடுத்த விருது அறிவிப்பில், பெயருக்குக் கீழே, தேர்ந்தெடுத்த முறையை நான்கு வரிகளில் எழுதினால் போதும். திடலில் கேள்வி கேட்ட அந்த மாணவியிடம் அதைப் படித்துக் காட்டிவிடுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு முன்னாள் மாவட்ட லீக் நடுவர்